கஷாயம் கரைக்காது

வாட்ஸ்அப்பில் ஒரு கஷாயம் ஓயாமல் சுற்றுகிறது. பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, ஆப்பிள் வினிகர், தேன். வெறும் வயிற்றில் குடித்தால் இதய அடைப்பு கரைந்துவிடுமாம். அனுப்புகிறவர்கள் படித்தவர்கள், என்னைப்போல் பென்ஷன் வாங்குகிறவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாரடைப்பில் இரண்டு விஷயம் உண்டு. ரத்தக் குழாயின் சுவரில் பல வருடமாகச் சேரும் கொழுப்புப் படிவு ஒன்று. அந்தப் படிவு ஒருநாள் வெடிக்க, உடம்பு அதைக் காயம் என்று நினைத்து அங்கே ரத்தத்தை உறைய வைப்பது இன்னொன்று. ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் இந்த உறைகட்டிதான். பாலுக்கும் ரத்தத்துக்கும் நாம் ‘உறைதல்’ என்றே சொல்கிறோம். புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சிலும் அப்படித்தான். உறைந்த பால் ‘கயே’, ரத்தக்கட்டி ‘கயோ’. உறைந்த பாலைத் திரும்பப் பாலாக்க முடியாது. உறைந்த ரத்தத்தைக் கரைக்க முடியும், ஆனால் கஷாயத்தால் அல்ல.

1933இல் அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் டில்லட் என்ற மருத்துவர், தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஒருவகைக் கிருமி ரத்தக்கட்டியைக் கரைப்பதைக் கண்டார். அதிலிருந்து வந்த மருந்துதான் ஸ்ட்ரெப்டோகைனேஸ். நம் ரத்தத்திலேயே தூங்கிக்கொண்டிருக்கும் கரைப்பானை அது எழுப்பிவிடுகிறது. இத்தாலியில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 1986இல் முடிவை வெளியிட்டார்கள். வலி கண்ட ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியவர்களிடையே சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆறு மணி நேரம் கடந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. நம் நாட்டிலும் சண்டிகர் அரசு ஆய்வு நிறுவனத்தில் கிரீஷ் சாஹ்னி குழுவினர் இம்மருந்தைத் தயாரிக்கும் முறையை உருவாக்கிக் கொடுத்தார்கள். இதையெல்லாம் யாராவது ஃபார்வர்டு செய்து பார்த்திருக்கிறீர்களா?

“பக்கத்துத் தெருக்காரருக்குக் கேட்டதே” என்பார்கள். 1988இல் பதினேழாயிரம் பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு, ஆஸ்பிரின் உயிர் காக்கிறது என்று நிரூபித்தது. அதே கணக்கை ராசிவாரியாகப் பிரித்தபோது மிதுனத்துக்கும் துலாத்துக்கும் மட்டும் ஆஸ்பிரின் ஆகாது என்று வந்தது! சிறு சிறு கூறாக்கிப் பார்த்தால் எப்படியெல்லாம் ஏமாறுவோம் என்று காட்டவே ஆய்வாளர்கள் அதை அச்சிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் கணக்கே அப்படி ஏமாற்றுமென்றால், பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் எம்மாத்திரம்?

சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் தன்வந்திரியைக் கும்பிடுங்கள், நானும் கும்பிடுகிறேன். பூண்டு ரசமும் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் கஷாயத்தை நம்பி, ஸ்டென்ட் வைத்தவர்கள் மாத்திரையை நிறுத்துகிறார்களே, அது கொலைக்குச் சமம். ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடும். என்னோடு வேலை பார்த்த ஒருவரை நாங்கள் அப்படித்தான் பறிகொடுத்தோம். அந்தக் கஷாயத்தை அவருக்கு அனுப்பியவரும் எங்களில் ஒருவர்தான்.

நெஞ்சு அழுத்தினால், இடது கையோ தாடையோ கடுத்தால், காரணமில்லாமல் வியர்த்தால், ‘வாயு’ என்று சோடா குடித்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். தாடிக்கொம்பிலிருந்து திண்டுக்கல் அரசு மருத்துவமனை சுமார் பத்து கிலோமீட்டர்தான். ஈசிஜி எடுத்துப் பார்த்து, கரைப்பதா, குழாய் வழியாக அடைப்பைத் திறப்பதா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். கரைக்கும் மருந்தால் சிலருக்கு ரத்தக்கசிவு வரும், அதனால் அது அவர் கையில்தான் இருக்க வேண்டும்.

அடுத்த முறை அந்தக் கஷாயம் வந்தால் உங்களோடு நிறுத்திவிடுங்கள். அனுப்பியவருக்கு இதை அனுப்புங்கள்.