தூக்குவாளியை எட்டிப் பார்க்காதீர்கள்

"கூட வேலை செய்கிறவர் கண்டதைத் தின்றால் கண்டித்துத் திருத்துவதுதான் அக்கறை" என்கிறார் நண்பர். மூணாறு தேயிலை எஸ்டேட்களில் சோறும் ஊறுகாயும் சர்க்கரை தூக்கலான கட்டன் சாயாவுமாகப் பொழுது போகிறதே என்று அவர் வருந்துவது நியாயம்தான். யாரைக் கண்டிப்பது என்பதில்தான் கோளாறு.

சரிவில் நின்று கொழுந்தெடுப்பவருக்குச் சர்க்கரை கெடுதல் என்று தெரியாதா? விடியுமுன் லயத்தில் சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு மலையேறுகிறவருக்குக் கீரை ஆய ஏது நேரம்? 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் மூணாறு சாலையில் உட்கார்ந்த தோட்டத் தொழிலாளப் பெண்களின் அன்றைய நாள்கூலி 232 ரூபாய். 500 கேட்டார்கள், கிடைத்தது 301. அதில் தினமும் பழமும் மீனும் வாங்கிக் காட்டியிருப்பாரா நண்பர்? 150 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டங்களில் கேன்டீன் வைக்கச் சொல்லும் அதிகாரத்தை 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே அரசுக்குக் கொடுத்தது. அதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

"இதையா அக்கா திங்குறீங்க?" என்று பத்துப் பேர் நடுவே கேட்டால் பழக்கம் மாறாது. மறுநாள் அந்த அக்கா தள்ளிப்போய்த் தனியாகச் சாப்பிடுவார், அவ்வளவுதான். அவராகக் கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். மற்றபடி அக்கறை பொங்கினால், மேனேஜரிடம் போய்க் கேன்டீன் எங்கே என்று கேளுங்கள்.