'குறைந்த மின்னழுத்தம்' எது?

ஒரே சொற்றொடர் மூன்று பொருள்களைத் தருமாயின், அறிவியல் நூலில் அது குழப்பத்தை உண்டாக்கும்; நீரும் மின்சாரமும் அருகருகே புழங்கும் இல்லத்தில் உயிரையே போக்கவும் கூடும். 'குறைந்த மின்னழுத்தம்' அத்தகையதொரு சொற்றொடராகும். மாலை வேளையில் விளக்குகள் மங்கினால் 'லோ வோல்டேஜ்' என்கிறோம். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளோ 250 வோல்ட்டுக்கு மேற்படாத அழுத்தம் முழுவதையும் குறைந்த அழுத்தம் என்றே வகுத்தன. 12 அல்லது 24 வோல்ட்டில் இயங்கும் சிறு நீர்ப் பம்புகளும் அதே பெயரால் வழங்கப்படுகின்றன. ஆகவே, வீட்டிற்கு வரும் 230 வோல்ட் விதி நூலின் கணக்கில் 'குறைந்தது'. ஈரக் கைக்கோ அது எமன்.

இவ்வேறுபாடு எத்துணை முக்கியமானது என்பதை மும்பை நகரில் காணலாம். 1860ஆம் ஆண்டு விஹார் ஏரியிலிருந்து குழாய் நீர் பெறத் தொடங்கிய அந்நகரம், இன்று ஏழு ஏரிகளை நம்பி நிற்கிறது. எனினும், பெரும்பாலான பகுதிகளில் குழாயில் நீர் வருவது நாளொன்றுக்குச் சில மணி நேரமே. மாட்டுங்கா, செம்பூர் ஆகிய இடங்களின் அடுக்குமாடிக் கட்டடங்களில், தரைத் தொட்டியில் சேரும் நீரைப் பொதுப் பம்பு மேல்தொட்டிக்கு ஏற்றுகிறது. தாராவியின் குறுகிய சந்துகளில் நிலைமை வேறு. ஓரறை வீடு, அதன் மேல் ஒரு சிறு மாடி, இரண்டையும் இணைக்கும் இரும்பு ஏணி, வாயிலில் நீர் நிரம்பிய டிரம்: இவற்றிடையே 230 வோல்ட் பம்பை ஈரத் தரையில் வைத்து, ஒட்டுப்போட்ட கம்பியால் மின்சாரம் கொடுப்பது பேராபத்தாகும்.

கணக்கு எளியது. ஈரமான உடலின் தடையை ஏறத்தாழ 1000 ஓம் எனக் கொள்வோம். 230 வோல்ட் அதன் வழியே 230 மில்லியாம்பியரைச் செலுத்தும். 12 வோல்ட் செலுத்துவதோ 12 மில்லியாம்பியர். உயிர்காக்கும் கசிவுமின் துண்டிப்பான் 30 மில்லியாம்பியரிலேயே மின்சாரத்தை நிறுத்துமாறு அமைக்கப்படுவதை நினைவிற்கொண்டால், இரண்டிற்குமுள்ள தூரம் விளங்கும். ஆதலின், டிரம்மிலிருந்து மாடிக்கு நீரேற்ற 12 அல்லது 24 வோல்ட் நேர்மின்னோட்டப் பம்பையே நாம் பரிந்துரைக்க வேண்டும் என்பது என் கருத்து.

இப்பம்பு மெதுவாக இறைக்கும் என்பர். அது உண்மையே. ஆயினும், 500 லிட்டர் நீரை 3 மீட்டர் உயர்த்தத் தேவையான வேலை சுமார் 4 வாட்-மணி மட்டுமே. பம்பு தான் பெறும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கையே நீருக்கு அளிப்பதாகக் கொண்டாலும், 60 வாட் பம்பு இப்பணியைக் கால் மணி நேரத்திற்குச் சற்று அதிகமான பொழுதில் முடித்துவிடும். ஐந்து மாடிக் கட்டடத்திற்கு இது போதாது. ஒரு குடும்பத்திற்குப் போதும்.

ஆனால், அழுத்தத்தைக் குறைத்த மாத்திரத்தில் எல்லா அபாயமும் நீங்கிவிடுவதில்லை. வீட்டு மின்சாரத்தை மாற்றித் தரும் கருவியில் இரு சுருள்களும் தனித்தனியே காப்பிடப்பட்டிருத்தல் அவசியம். ஒற்றைச் சுருள் மின்மாற்றி அழுத்தத்தைக் குறைக்குமேயன்றி, பிரதான மின்வழியிலிருந்து நம்மைப் பிரிக்காது. கருவி உலர்ந்த சுவரில் உயரத்தில் இருத்தல் வேண்டும்; நீரருகே செல்வது 12 வோல்ட் கம்பி மட்டுமே. அக்கம்பியும் தடித்ததாக இருத்தல் வேண்டும். 60 வாட் பம்பு 230 வோல்ட்டில் கால் ஆம்பியரே எடுக்கும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி 10 மீட்டர் தூரம் சென்றால் 1 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே இழக்கப்படும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு.

சேமக்கலத்தைப் பயன்படுத்துவோர் அறிய வேண்டுவன வேறு. 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி ஈயச் சேமக்கலத்தில் பாதியைச் செலவிட்டாலும் 60 வாட் பம்பு நான்கு மணி நேரம் ஓடும். ஆனால், அதன் முனைகள் இரண்டும் ஒரு வளையலாலோ திருப்புளியாலோ இணைந்துவிட்டால் பாயும் மின்னோட்டம் உலோகத்தையே உருக்கும். ஆகவே, முனையருகே உருகி இணைத்தல் இன்றியமையாதது. மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், அடுப்பெரியும் அறையில் அதனை வைத்தல் கூடாது.

மற்றொன்றும் கூற வேண்டும். எவ்வழுத்தத்தில் இயங்கும் பம்பாயினும் அதனை நகராட்சிக் குழாயில் நேரே பொருத்தலாகாது. அது அயலாரின் பங்கைக் கவர்வதோடு, குழாயினுள் அழுத்தத்தைத் தாழ்த்தி, விரிசல்களின் வழியே சாக்கடை நீரையும் உள்ளே இழுக்கும். நீர் முதலில் டிரம்மில் விழட்டும். பம்பு அங்கிருந்து எடுக்கட்டும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் இதற்காகப் புதிய பாடம் எதனையும் வகுக்க வேண்டுவதில்லை. ஓம் விதியைக் கற்பிக்கையில் மேற்கண்ட கணக்குகளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் போதும். சொல்லையும் திருத்திக்கொள்வோம். மொழிபெயர்ப்புப் பணியில் உள்ளவன் என்ற முறையில் நான் வேண்டுவது இதுவே: 12, 24 வோல்ட் சாதனங்களை 'மிகக் குறை மின்னழுத்தம்' என்று தனிப் பெயரிட்டு, அதனருகே எண்ணையும் தவறாது எழுதுக. வீட்டு மின்சாரத்தை எக்காரணம் கொண்டும் 'குறைந்தது' என்று மாணவரிடம் கூறாதிருப்போமாக. சிறுவன் ஒருவன் அச்சொல்லை நம்பி ஈரக் கையுடன் கம்பியைத் தொடின், நூலின் பிற்சேர்க்கையில் நாம் அளிக்கும் விளக்கம் அவனைக் காப்பாற்றாது.