175ஆம் எண் அட்டை

கனடாவின் லண்டன் நகரைச் சேர்ந்த ஓ-பீ-சீ நிறுவனம் 1979-80 பருவத்துக்கென வெளியிட்ட ஐஸ் ஹாக்கி அட்டைகள் மொத்தம் 396. நீல விளிம்பு கொண்ட அத்தொகுப்பில் 18ஆம் எண் அட்டை, அப்போதுதான் அரும்பிய வெய்ன் கிரெட்ஸ்கியுடையது. 175ஆம் எண் அட்டை, ஐம்பத்தொரு வயது கோர்டி ஹோவுடையது. முன்னதன் பழுதற்ற பிரதியொன்று 2021இல் 37.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. பின்னதற்கு அந்த விலையின் நிழலும் எட்டவில்லை. தொடக்கத்திற்குச் சந்தை பொன்னைக் கொட்டுகிறது. அந்திக்குச் சில்லறைதான் தருகிறது.

சந்தையைப் பழிப்பது எளிது. இலக்கிய வாசகர்களாகிய நாம் மட்டும் வேறென்ன செய்கிறோம்? ஒரு படைப்பாளியின் முதல் நூலைக் கொண்டாடுகிறோம். முதுமையில் அவர் எழுதியவற்றை 'நிறுத்தியிருக்கலாம்' என்ற ஒற்றைச் சொல்லால் தள்ளிவிடுகிறோம். உச்சத்திலேயே விலகிவிட வேண்டும் என்பது நம் காலத்தின் நீதிவாக்கியமாகிவிட்டது. ஹோவின் பிற்காலம் அதற்கு மறுப்பு என்றே நாம் கருதுகிறோம்.

1946இல் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியில் சேர்ந்தவர் ஹோவ். 1950இல் தலையில் பட்ட அடியால் உயிருக்குப் போராடி, மூளையின் அழுத்தம் குறைக்க அறுவைச் சிகிச்சை பெற்று மீண்டவர். 25 பருவங்களுக்குப் பின் மணிக்கட்டு வாதம் அவரை 1971இல் ஓய்வுக்கு அனுப்பியது. மறு ஆண்டே ஹாக்கிப் புகழ்மண்டபத்தில் இடமும் கிடைத்தது. கதை அங்கே முடிந்திருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

ஆனால் 1973இல் அவர் ஹூஸ்டன் ஏரோஸ் அணிக்காக, தம் புதல்வர்களான மார்ட்டி, மார்க் இருவருடனும் களமிறங்கினார். அப்பருவத்தில் 31 கோல்கள், 69 துணைப்பந்துகள் என நூறு புள்ளிகள் எடுத்து, அந்த லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றார். இதை இரக்கத்தால் கிடைத்த இடம் என்று யார் சொல்ல முடியும்?

1979இல் இரு லீக்குகளும் இணைந்தபோது, ஹார்ட்ஃபோர்ட் வேலர்ஸ் அணியோடு பழைய என்.எச்.எல்.லுக்கே அவர் திரும்பினார். தலைக்கவசமில்லா நரைத்த தலையுடன் 80 ஆட்டங்களிலும் ஆடினார், ஒன்றையும் தவறவிடவில்லை. 15 கோல்கள் அடித்தார். 1980 பிப்ரவரியில் டெட்ராய்டில் நடந்த நட்சத்திர ஆட்டத்தில், அறிவிப்பாளர் அவர் பெயரைச் சொல்லவே இல்லை. ஒன்பது என்ற எண்ணை மட்டும் சொன்னார். அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அதே பனித்தளத்தில் நின்றிருந்த கிரெட்ஸ்கி தம் முதுகில் 99 என்ற எண்ணைச் சுமந்ததும் அந்த ஒன்பதின்மீது கொண்ட பற்றினால்தான்.

எல்லாத் திரும்புதலும் இத்தகையதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1997இல், 69 வயதில், டெட்ராய்ட் வைப்பர்ஸ் அணிக்காக அவர் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகக் களமிறங்கினார். ஆறாவது பத்தாண்டிலும் ஆடியவர் என்ற பெயருக்காக நடந்த காட்சி அது. அதற்காக நாம் வாதாட வரவில்லை. பெயருக்காக ஆடுவதற்கும் ஆட்டத்துக்காக ஆடுவதற்கும் உள்ள தொலைவு பெரிது. அதை அளக்க வயது உதவாது. அந்த 80 ஆட்டங்களே உதவும்.

அட்டைகளின் பின்புறம் ஆட்டக்காரரின் கணக்கை அச்சிடுவது வழக்கம். 175ஆம் அட்டை அந்தக் கடைசிப் பருவம் முடியுமுன்பே அச்சேறியது. ஆகவே டெட்ராய்டில் அவர் அடித்த 786 கோல்களை 801 ஆக்கிய அந்தப் பதினைந்தும் அதில் இல்லை. 2016இல் ஹோவ் மறைந்தார். கணக்கை முடித்துவிட்டதாக நாம் நினைக்கும் முதியவர்களின் அட்டையில் இன்னும் எத்தனை வரிகள் அச்சேறாமல் இருக்கின்றனவோ! அவற்றுக்கு இடம்விட்டு வாசிப்பதே நல்ல வாசகருக்கு அழகு.