வாடகை வீட்டுப் பிணக்குகளும் கீழ் நீதிமன்றங்களின் அதிகாரமும்

மட்டக்களப்பு வாவிக் கரையோரத்தில், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், வீடு பெண்ணுக்குரியது என்பதே நெடுநாள் வழக்கம். மகள் சிறுமியாக இருக்கும்போதே தந்தை கடன்பட்டுக் கட்டும் சீதன வீடு, அவளுக்குத் திருமணம் கூடிவரும்வரை பல வேளைகளில் வாடகைக்கு விடப்படுகின்றது. நாள் குறித்த பின்னர் குடியிருப்பவர் வெளியேற மறுப்பாராயின், அங்கு தடைப்படுவது வாடகை வருமானம் மட்டுமன்று. ஒரு பெண்ணின் திருமணமும்தான். மறுபுறம், முற்பணம் கொடுத்துவிட்டு வந்த குடும்பத்துக்கும் போக்கிடம் வேண்டும்.

இப்பிணக்கைத் தீர்க்கும் அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்துக்கே உண்டு. 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்போருக்கு வலுவான பாதுகாப்பை வழங்கியது. எனினும் 1980 ஆம் ஆண்டின் திருத்தம், அவ்வாண்டு ஜனவரி 1 ஆம் திகதிக்குப் பின்னர் கட்டப்பட்டு வாடகைக்கு விடப்பட்ட வீடுகளை அப்பாதுகாப்பிலிருந்து விலக்கியது. அதன் பின்னரும் வெளியேற்ற வழக்குகள் மேன்முறையீடுகளோடு ஆண்டுக்கணக்கில் இழுபட்டன. இத்தாமதத்தைப் போக்கவே, குத்தகைக் காலம் முடிந்த கட்டடங்களைச் சுருக்க நடைமுறையில் மீட்பதற்கான 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. எதிராளி நீதிமன்றத்தின் அனுமதி பெற்றே தன் காரணத்தை முன்வைக்க வேண்டும். ஆனால் வாய்ப்பேச்சாக வீடு வாடகைக்குக் கைமாறும் எமது ஊர்களில், ஆவணங்களை நம்பி நடக்கும் வழக்கு எத்தனை பேருக்கு உதவும்?

நீதவானிடம் இப்பிணக்கு செல்வதற்கும் ஒரு வழி உண்டு. அதுதான் விந்தையானது. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின்படி, காணிப் பிணக்கினால் அமைதிக்குப் பங்கம் நேரலாம் என்று பொலிஸாரோ தரப்பினரில் ஒருவரோ தகவல் சமர்ப்பித்தால் நீதவான் தலையிடலாம். அப்போதும் ஆட்சி யாரிடம் இருந்தது, முந்திய இரண்டு மாதங்களுக்குள் எவரேனும் பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பவையே ஆராயப்படும். உரிமை யாருடையது என்பதற்கு மீண்டும் மாவட்ட நீதிமன்றத்தையே நாட வேண்டும். அதாவது, பொறுமையோடு இருப்பவருக்கு நீண்ட வழி. கதவில் பூட்டுப் போட்டுக் கலகம் செய்பவருக்குக் குறுகிய வழி.

வேறெங்கும் இது வெறும் சட்டக் குறைபாடாக இருக்கலாம். வீட்டுக்காரர் ஒரு சமூகத்தவராகவும் கடைக்காரர் மறு சமூகத்தவராகவும் இருக்கும் மட்டக்களப்பு நகரில் அவ்வாறன்று. 1985 ஆம், 1990 ஆம் ஆண்டுகளை மறவாத மக்களிடையே, ஒரு கடைப் பூட்டுக்காக எழும் வாக்குவாதம் மாலைக்குள் வேறு நிறம் பெற்றுவிடக் கூடும். மத்தியஸ்த சபை நல்லதே. எனினும் இரு தரப்பும் இணங்காவிடின் தீர்ப்புக் கூற அதற்கு அதிகாரமில்லை.

ஆகவே வாடகை உறவு மறுக்கப்படாத, வெளியேறும் காலமும் முற்பணமுமே பிணக்காக உள்ள வழக்குகளையேனும், சண்டை மூளும்வரை காத்திராது, நீதவான் விசாரித்துத் தீர்க்கும் வகையில் சட்டம் திருத்தப்பட வேண்டும் என்பது எமது கருத்து.

இதில் எச்சரிக்கையும் தேவை. அரச காணிகளின் ஆட்சியை மீளப்பெறும் 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் நீதவானுக்கு விரைவான அதிகாரத்தைத் தந்தது. ஆனால் எதிராளி அரசின் செல்லுபடியாகும் எழுத்திலான அனுமதியைத் தவிர வேறெதையும் காட்ட இயலாது. யுத்த இடம்பெயர்விலும் 2004 சுனாமியிலும் அனுமதிப்பத்திரங்களைத் தொலைத்தவர்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். வாடகை வழக்கிலும் பற்றுச்சீட்டில்லாத குடியிருப்பாளர் அதே நிலைக்குத் தள்ளப்படலாகாது. அயலவர் சாட்சியம், மின்பட்டியல், கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி ஆகியவற்றையும் நீதவான் ஏற்க வேண்டும். முற்பணத்தின் மீதி நீதிமன்றத்தில் வைப்பிலிடப்படும்வரை வெளியேற்றக் கட்டளை நடைமுறைக்கு வரலாகாது.