உடுக்கையா, ஊசியா?

நோய்க்குத் தாயின் பெயர் சூட்டிய நாடு நம் நாடு! கொப்புளத்துக்கு ‘முத்து’ என்று பெயர். நோய் தணிந்தால் ‘தாய் இறங்கினாள்’ என்று பூரிப்பு. கண்ணைப் பறித்து, உயிரைக் குடித்து, தப்பியோர் முகத்தில் தழும்பெழுதிச் சென்ற கொடுமையை ‘அம்மை’ என்று அழைத்து, அதன்முன் கைகட்டி நின்றோம். மருந்து கொடுத்தால் மாரியின் சீற்றம் மிகும் என்றனர். வேப்பிலை செருகினர், கூழ் ஊற்றினர், உடுக்கை அடித்தனர். பெரியம்மையோ, தான் பற்றிய பத்துப் பேரில் மூவரைக் கொண்டுசென்றது.

மாரியின் கோபமே காரணம் என்போரை ஒன்று கேட்போம். இங்கிலாந்தின் அரசி இரண்டாம் மேரி 1694இல் மாண்டது இந்நோயால். ருஷ்யப் பேரரசன் இரண்டாம் பீட்டர் 1730இல் மாண்டதும், பிரெஞ்சு மன்னன் பதினைந்தாம் லூயி 1774இல் மாண்டதும் இதே நோயால். சமயபுரம் எங்கே, வெர்சேல்ஸ் எங்கே? கூழ் ஊற்றத் தவறினான் என்றா லூயியின்மீது மாரி சினங்கொண்டாள்?

விடை தந்தவர் எட்வர்ட் ஜென்னர். பால் கறக்கும் பெண்களைப் பெரியம்மை தொடுவதில்லை என்று சிற்றூர் மக்கள் கூறிவந்ததை அவர் எள்ளி நகையாடவில்லை, ஆராய்ந்தார். 1796 மே 14 அன்று, மாட்டம்மை கண்ட ஒரு பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை, எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கையில் கீறி ஏற்றினார். பின்னர்ப் பெரியம்மைச் சீழையே ஏற்றிப் பார்த்தார், நோய் வரவில்லை.

“இதெல்லாம் நம் முன்னோர் அறிந்ததே” என்று பழமைவாதிகள் மார்தட்டுவர். பெரியம்மைச் சீழையே சிறிதளவு கீறி ஏற்றும் வழக்கம் வங்கத்திலும் துருக்கியிலும் இருந்தது உண்மை. அம்முறையில் சிலர் இறந்ததும் உண்மை. அந்தப் பெருமை, துணிந்து கீறிப் பார்த்த கைகளுக்கு உரியது. மருந்தே கூடாது என்று தடுத்த நாக்குகளுக்கு அதில் பங்கில்லை. கைக்குக் கை அம்மைப்பால் மாற்றிக் குத்திய காலத்தில், “எச்சாதிப் பிள்ளையின் கையிலிருந்து எடுத்தது?” என்று கேட்ட மேற்குலத்தாரும் இந்நாட்டில் இருந்தனர். நோய் சாதி கேட்கவில்லை, இவர்கள் கேட்டனர்!

மேலைநாட்டில் மட்டும் மடமை இல்லையா? இருந்தது. ஊசி குத்திக்கொண்டோர் உடலில் மாட்டுத் தலை முளைப்பதாக 1802இல் இலண்டனில் கேலிச்சித்திரம் வெளிவந்தது. 1885இல் லெஸ்டர் நகரில் பெருங்கூட்டம் ஊசியை எதிர்த்து ஊர்வலம் போயிற்று. மூடத்தனம் எந்த நாட்டுக்கும் தனியுடைமை அன்று.

எனினும் அறிவு ஓயவில்லை. 1958இல் சோவியத் நாட்டு அறிஞர் விக்டர் ஷ்தானோவ் பெரியம்மையை உலகினின்றே ஒழிப்போம் என்றார். 1967இல் முயற்சி முடுக்கிவிடப்பட்டது. அமெரிக்காவும் ருஷ்யாவும் ஒன்றையொன்று அழிக்க அணுகுண்டு அடுக்கிய நாள்கள் அவை. இப்பணியில் மட்டும் இரண்டும் கை கோத்தன. 1974இல் இந்தியாவில் 1,88,003 பேரை நோய் பற்றியது. 31,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பணியாளர்கள் நோயாளியின் படத்தைக் கையிலேந்தி வீடு வீடாய்த் தேடினர். நோய் கண்ட இடத்தைச் சூழ்ந்திருந்தோர்க்கெல்லாம் ஊசி குத்தினர். மறு ஆண்டு மே மாதத்தோடு இந்நாட்டில் பெரியம்மை முடிந்தது.

இயற்கையாய் அந்நோய் கண்ட கடைசி மனிதர், சோமாலியாவின் மெர்க்கா நகர மருத்துவமனைச் சமையற்காரர் அலி மாவ் மாலின். ஆண்டு 1977. வலிக்குமென்று அஞ்சி ஊசியைத் தவிர்த்தவர் அவர்! பிழைத்தெழுந்த அவரே, பிற்காலத்தில் இளம்பிள்ளை வாதத் தடுப்புப் பணியில் இறங்கி, தம் கதையைப் பெற்றோரிடம் சொல்லிச் சொல்லி அவர்தம் அச்சம் போக்கினார். 2013இல், அப்பணியின் நடுவே காய்ச்சல் கண்டு மறைந்தார். 1980 மே 8 அன்று, பெரியம்மை ஒழிந்தது என உலக நலவாழ்வுப் பேரவை அறிவித்தது.

ஒழிந்தது நோய். ஒழிந்ததா மடமை? 2017இல் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட முனைந்தபோது, “ஆபத்து! ஆபத்து!” என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. பரப்பியவர் எழுத்தறியாத சிற்றூர்த் தாய் அல்லர். அவள் கூழும் ஊற்றுகிறாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கும் நடக்கிறாள். பட்டம் பெற்ற கனவான்களே கைப்பேசியை உடுக்கையாக்கி அடித்தனர்! ஊசியால் ஆட்டிசம் வருமென்று 1998இல் கிளம்பிய கட்டுரையை, வெளியிட்ட ‘லான்செட்’ ஏடே 2010இல் திரும்பப் பெற்றது. பொய்யை மட்டும் இவர்கள் திரும்பப் பெறவில்லை. 2023இல் உலகில் ஏறத்தாழ 1,07,500 பேரைத் தட்டம்மை கொன்றது; அவர்களுள் பெரும்பாலோர் ஊசி போடாத, அல்லது முழுமையாய்ப் போடாத, ஐந்து வயதுக்குட்பட்ட பிஞ்சுகள்.

ஊசியால் தீங்கே இல்லை என்று நாம் சாதிக்க வேண்டுவதில்லை. காய்ச்சல் வரலாம், மிக அரிதாய்க் கடும் விளைவும் நேரலாம். அதை எண்ணிப் பதிந்து, ஏடுகளில் வெளியிட்டு, திருத்திக்கொள்கிறது அறிவியல். உடுக்கை எந்நாளாவது கணக்குக் காட்டியதுண்டா?

இளைஞர்களே! தாயை ஏளனம் செய்வதால் பகுத்தறிவு வளராது. அவள் அச்சத்தைக் கேளுங்கள், மறுமொழி கூறுங்கள், நாள் தவறாமல் ஊசி போட உடன் செல்லுங்கள். கைப்பேசிப் பூசாரியை மட்டும் விடாதீர்கள். “கணக்கு எங்கே? சான்று எங்கே?” என்று நடுத்தெருவில் நிறுத்திக் கேளுங்கள்!