ஆதாரத்தைப் பார்த்தால் வீடு பறிபோய்விடுமா?

எங்கள் தெருவில், சவேரியார் கோயிலில் இருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு ஓட்டு வீடு. அதில் பதினான்கு வருடமாக ஒரு அம்மா வாடகைக்கு இருக்கிறார். தையல் வேலை. கணவர் இல்லை. போன ஐப்பசி மழையில் அடுக்களைச் சுவரில் ஈரம் ஏறி, சுவிட்சைத் தொட்டால் கை விறுவிறுக்கிறது என்று என்னிடம் வந்து சொன்னார். இரண்டு வருடமாக வீட்டுக்காரரிடம் சொல்கிறாராம். “பாப்போம்” என்று பதில் வருகிறது. வாடகை வாங்க மட்டும் முதல் தேதியே ஆள் வந்துவிடுகிறது.

நான் காரைக்கால்காரன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, குமாஸ்தாவாக ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான கோட்டாறுக்கு வந்து சேர்ந்தவன். ஆயுள் முழுக்கக் கோப்புகளோடு இருந்தவனுக்குக் காகிதத்தைப் பார்க்காமல் கை சும்மா இராது. “அம்மா, வீடு யார் பேரில் இருக்கிறது?” என்று கேட்டேன். தெரியாது என்றார். பதினான்கு வருடம்!

மின்சார வாரியத்தின் வெள்ளை அட்டையை எடுத்து வரச் சொன்னேன். அதில் வேறொரு பெயர். வாடகை வாங்குபவரின் தாத்தா பெயர். பக்கத்து மனை என் மனைவியின் தாய்வீட்டுப் பங்கு. எங்கள் ஆதாரத்தின் நான்கெல்லையில் பழைய சர்வே எண்ணும் ரீசர்வே எண்ணும் இருந்தன. அதைப் பிடித்துப் பதிவுத்துறை இணையத்தில் வில்லங்கம் பார்த்தேன். பார்ப்பதற்குக் காசு கிடையாது. ஒரு பதிவும் இல்லை. நகர நிலஅளவைப் பதிவேட்டிலும் அதே தாத்தாதான். அவர் வாங்கிய காலத்து ஆதாரம் கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். பாகப்பத்திரம் போடாமலே இரண்டு தலைமுறை போய்விட்டது. ஒருவர் சென்னையில், ஒருவர் வளைகுடாவில், இங்கே இருக்கும் பேரன் வாடகை வாங்குகிறார். ஓடு மாற்றச் சொன்னால், “நான் ஒருத்தன் எதுக்குச் செலவழிக்கணும், எல்லாருக்கும் பங்கு உண்டுல்லா” என்பது அவர் நியாயம். வாடகையில் எல்லாருக்கும் பங்கு போகிறதா என்று நான் கேட்கவில்லை.

நாஞ்சில் நாட்டுச் சொத்துச் சிக்கல் நேற்று வந்ததல்ல. மருமக்கள்வழி படுத்திய பாட்டைக் கவிமணி எழுதி எல்லாரும் சிரித்தார்கள். 1926-இல் வேளாளர் சட்டம் வந்தது, பாகம் பிரிக்க வழி பிறந்தது. வழி பிறந்தாலும் பத்திர ஆபீஸ் வரை நடக்க நமக்குச் சோம்பல்.

நான் வில்லங்கம் பார்த்தது எப்படியோ பேரன் காதுக்குப் போனது. கம்போளத்துப் பக்கம் காய்கறிப் பையோடு நின்றவனை மறித்தார். “எனக்க வீட்டுக்க ஆதாரத்த நீரு என்னத்துக்கு ஓய் தோண்டுதீரு? பன்னிரண்டு வருசம் ஆயிட்டுன்னு வீட்ட அமுக்கப் பாக்கியளா?”

இந்தப் பன்னிரண்டு வருடக் கதையைத்தான் இன்று பேச வந்தேன். வாசிக்கும் நீங்களும் பலர் வீட்டுக்காரர்கள்; நானும் மனைவி புண்ணியத்தில் அரை வீட்டுக்காரன். நம்மில் பாதிப் பேர் இந்தப் பயத்தில்தான் எழுத்து கொடுக்காமல் வாய்வார்த்தையில் வீடு விடுகிறோம். வாடகை கொடுத்துக் குடியிருப்பவர், அந்தக் குடியிருப்பைக் காட்டி வீட்டைத் தனதாக்க முடியாது. வாடகைக்கு இருக்கும் வரை வீட்டுக்காரரின் உரிமையையே அவர் மறுக்கக் கூடாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 116-ஆம் பிரிவு சொன்னது. புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. அப்படியிருக்க அந்த அம்மா பதிவேட்டைப் பார்த்தால் உங்கள் வீட்டில் எந்த ஓடு கழன்று விழும்? ஏற்கனவே கழன்றதுதான் விழுகிறது.

உண்மையில் எழுத்து இல்லாததால் சாகிறவர் குடியிருப்பவர்தான். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். நல்லதுதானே என்பீர்கள். ஆனால் ஒப்பந்தம் போடத் தவறியதையே காலி செய்யச் சொல்லும் காரணங்களில் ஒன்றாக அதே சட்டம் வைத்திருக்கிறது. எழுதித் தர மறுப்பது வீட்டுக்காரர், எழுத்து இல்லை என்று தெருவுக்கு வருவது தையற்கார அம்மா! இதை எழுதிய அதிகாரி ஒருநாளாவது வாடகை வீட்டில் இருந்திருப்பாரா?

அந்தச் சட்டத்தில் நல்லதும் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணையைப் பாருங்கள். கட்டடத்தின் பெரிய பழுது, சுவருக்கு வெள்ளை, குழாய் மாற்றுவது, மின் வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் தலையில். குழாய் வாஷர் மாதிரிச் சில்லறை வேலைகள் குடியிருப்பவருக்கு. வீட்டுக்காரர் செய்ய மறுத்தால் குடியிருப்பவரே செய்து வாடகையில் கழிக்கலாம், மாதத்துக்குப் பாதி வாடகைக்கு மேல் போகாமல். இன்னொன்று, பேரன் கவனிக்க வேண்டியது: யார் வாடகையைப் பெறுகிறாரோ அவரும் அந்தச் சட்டப்படி வீட்டு உரிமையாளரே. பங்காளிகளைக் காட்டித் தப்ப முடியாது.

எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. 1804-ஆம் ஆண்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்திலேயே, வாடகைக்கு விட்டவன் அதைப் பராமரித்துத் தரக் கடமைப்பட்டவன் என்று இருக்கிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்திலும், சொல்லியும் பழுது பார்க்காவிட்டால் குடியிருப்பவர் பார்த்துக்கொண்டு வட்டியோடு கழிக்கலாம் என்று உண்டு. காரைக்கால் நவம்பர் 1-இல் கைமாறியது, இந்த மாவட்டமும் இரண்டு வருடம் கழித்து அதே நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எந்தக் கொடியின் கீழும் ஓடு மாற்ற வேண்டியவர் வீட்டுக்காரரே.

அம்மாவுக்காகக் கடிதம் எழுதினேன். ஈரச் சுவர், வயரிங், தேதி, எலெக்ட்ரீசியன் எழுதிக் கொடுத்த மதிப்பீடு. முதலில் கையெழுத்துப் போட மறுத்தார். “அண்ணாச்சி, காலி பண்ணச் சொல்லிட்டாவன்னா பிள்ளயளக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அது நியாயமான பயம். இரண்டு நாள் கழித்து அவராகவே வந்து போட்டார்; முந்தின இரவு சின்னவளுக்குச் சுவரில் கை பட்டதாம்.

மூன்று பிரதி. பேரனுக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று, மூன்றாவது என் பீரோவில். தபால் ரசீதையும் ஒப்புகையையும் அதோடு குத்தி வைத்திருக்கிறேன். சென்னைக்காரர் போன வாரம் போன் செய்தார். வீடு இந்த நிலையில் இருப்பதே தனக்குத் தெரியாது என்றார். வாடகை எவ்வளவு என்று இரண்டு தடவை கேட்டார். திங்கட்கிழமை எலெக்ட்ரீசியன் வருவதாகப் பேச்சு. வராவிட்டால் அந்த மாத வாடகையில் பாதி வயருக்குப் போகும்.