பிறிஸ்பி கோல்ஃபில் "கூட்டல் முப்பது": புள்ளியை எதனோடு ஒப்பிடுவது?

ஒஸ்லோவின் காட்டோரங்களிலும் திடல்களிலும், கம்பத்தின் உச்சியிலிருந்து சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைகளை வாசகர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். புதுவிதமான குப்பைக் கூடை என்று எண்ணி அதற்குள் வாழைப்பழத் தோலைப் போட்டவர்களும் எம்மவர்களில் உண்டு. பிள்ளைகள் நண்பர்களோடு போய்ப் பழகிக்கொண்டு வந்த இந்த பிறிஸ்பி கோல்ஃப், இப்போது மெல்ல மெல்ல அப்பாமாரையும் அம்மாமாரையும் வீட்டை விட்டு வெளியே கூட்டிச் செல்கின்றது. சுகாதாரப் பக்கம் எழுதும் எமக்கு இதைவிட மகிழ்ச்சியான செய்தி இல்லை. ஆனால் அண்மைக் காலமாக மருத்துவ அறையிலும் கலியாண மண்டபத்திலும் ஒரே கேள்வி எம்மைத் தேடி வருகின்றது. "டொக்டர், எனக்குக் கூட்டல் முப்பது வருது. மகனுக்குக் கூட்டல் எட்டு. இந்த வயதில எனக்கு இது சரிவராது போல?"

சரிவரும் என்பதே எமது பதில். ஏன் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

விளையாட்டை அறியாதவர்களுக்காக முதலில் சில வரிகள். கையளவான பிளாஸ்ரிக் தட்டு ஒன்றை, குறிக்கப்பட்ட இடத்தில் நின்று கூடையை நோக்கி எறிய வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மீண்டும் எறிய வேண்டும். தட்டு கூடைக்குள் தங்கும் வரை எத்தனை எறிதல் என்பதே புள்ளி. எல்லைக் கோட்டுக்கு வெளியே போனால் ஒன்று கூடும். முழுமையான பாதையில் 18 கூடைகள் இருக்கும். புள்ளி குறையக் குறைய நல்லது. பரீட்சையில் கூடிய புள்ளி எடுத்தே பழகிய எமக்கு இது ஒரு சிறு தலைகீழ் மாற்றம்.

ஒவ்வொரு கூடைக்கும் "பார்" என்று ஓர் எண் எழுதியிருப்பார்கள். அநேகமான கூடைகளுக்கு அது 3. கைத்தொலைபேசியில் உள்ள யூடிஸ்க் செயலி, ஆட்ட முடிவில் உங்கள் மொத்தத்தைப் பாரோடு ஒப்பிட்டு "+30" என்று காட்டிவிடும். அந்தச் சிறிய கூட்டல் குறியில்தான் எம்மவர்களின் மனம் உடைகின்றது.

பார் என்றால் என்ன? இந்த விளையாட்டின் சர்வதேச அமைப்பு கூறும் விளக்கம் ஏறத்தாழ இதுதான்: கைதேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர், வழமையான காலநிலையில், பிழையேதும் விடாமல் ஆடினால் எடுக்கக்கூடிய எறிதல்களின் எண்ணிக்கை. கைதேர்ந்தவர், பிழை விடாதவர் என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். சென்ற மாதம் கடையில் தட்டு வாங்கிய, ஐம்பது வயதில் முழங்கால் நோவோடு நிற்கும் ஒருவரை மனதில் வைத்து அந்த எண் எழுதப்படவில்லை.

எமது தலைமுறைக்கு ஓர் எண்ணைக் கண்டவுடன் அது வெட்டுப்புள்ளியாகத்தான் தெரிகின்றது. அதில் எம்மவர்களைக் குறை சொல்ல முடியாது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் தொடங்கி, பல்கலைக்கழக அனுமதிக்கான மாவட்ட வெட்டுப்புள்ளி வரை, ஓரிரு புள்ளிகள் ஒரு குடும்பத்தின் தலைவிதியையே மாற்றிய நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். 1970களில் வந்த தரப்படுத்தல் எத்தனை வீடுகளில் என்ன செய்தது என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. ஆனால் பார் ஒரு வெட்டுப்புள்ளி அல்ல. அதற்குக் கீழே வராதவரை யாரும் வெளியே அனுப்புவதில்லை. பல பாதைகளில் நுழைவுக் கட்டணம்கூட இல்லை.

கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். 18 கூடைகளுக்கும் பார் 3 என்றால் மொத்தம் 54. புதியவர் ஒருவர் ஒவ்வொரு கூடைக்கும் ஐந்து எறிதல் எடுத்தால் 90. அதாவது கூட்டல் 36. ஒரு நல்ல எறிதல், ஒரு மரத்தில் பட்ட எறிதல், பிறகு ஒரு மீட்பு, கூடையடியில் இரண்டு. முதல் கோடையில் இது மிகச் சாதாரணம். எல்லாக் கூடையிலும் நான்கில் முடித்தால் 72, கூட்டல் 18. 36 இலிருந்து 27 க்கு வர என்ன வேண்டும்? இரண்டு கூடைக்கு ஓர் எறிதல் மிச்சம் பிடித்தால் போதும். "கூட்டல் முப்பது" என்று கேட்கும்போது மலையாகத் தெரிவது, கூடை கூடையாகப் பிரித்தால் அவ்வளவு பெரிதாக இருக்காது.

போட்டிகளில் பங்குபற்றுவோருக்கு அந்தச் சர்வதேச அமைப்பு ஒரு தர மதிப்பைக் கொடுக்கின்றது. மிகத் தேர்ந்த ஆட்டக்காரருக்கு அது 1000. சாதாரண நீளமுள்ள 18 கூடைப் பாதையில் ஓர் எறிதல் ஏறத்தாழ 10 மதிப்புக்குச் சமம். 850 க்குக் குறைந்தவர்களுக்கென்றே புதியவர் பிரிவு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதாவது போட்டிக்கு வரும் அளவுக்கு ஆர்வமுள்ள, பல மாதங்கள் பழகிய ஒருவர்கூட, தேர்ந்தவரைவிடப் பதினைந்து எறிதல் கூட எடுக்கலாம் என்பதை அந்த அமைப்பே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 40 வயதுக்கு மேல், 50 க்கு மேல், 60 க்கு மேல் என்று வயதுப் பிரிவுகளும் தனித்தனியாக உண்டு. பதினாறு வயது மகனின் கூட்டல் எட்டோடு ஐம்பத்திரண்டு வயது அப்பா தன்னை ஒப்பிடுவதை விளையாட்டின் விதிகளே கேட்கவில்லை.

பாதைக்குப் பாதை வேறுபாடும் பெரிது. நோர்வே கப் உதைபந்தாட்டத்துக்காகப் பிள்ளைகளோடு நாம் போய்ப் பழகிய ஏக்கபேர்க்கில் ஒரு பாதை இருக்கின்றது. சிக்கெருட் பக்கம் குறூக்ஹோலில் இருப்பதோ பெரிய போட்டிக்காரர்களுக்கான நீண்ட, கடினமான பாதை. ஓரிடத்துக் கூட்டல் இருபதும் மற்ற இடத்துக் கூட்டல் இருபதும் ஒன்றல்ல. சில பாதைகளில் எறியத் தொடங்கும் இடமே இரண்டு இருக்கும், கிட்டவும் தூரவும். புதியவர்கள் கிட்ட உள்ள இடத்திலிருந்து எறிவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அதற்காகத்தான் அது போடப்பட்டிருக்கிறது.

இவ்வளவும் ஒரு விளையாட்டுக்காக ஏன் என்று சிலர் கேட்கலாம். எமது கவலை விளையாட்டைப் பற்றியது அல்ல. 2000 முதல் 2002 வரை ஒஸ்லோவில் குடிவரவாளர்களிடையே நடத்தப்பட்ட சுகாதார ஆய்வில், இலங்கையிலும் பாகிஸ்தானிலும் பிறந்தவர்களிடம் நீரிழிவு நோர்வேஜியர்களைவிடக் கூடுதலாகக் காணப்பட்டது. இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 என்று தென்னாசியருக்குத் தனி எல்லை வைக்கப்பட்டிருப்பதும் சும்மா அல்ல. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு வேண்டும் என்று நோர்வே சுகாதார இயக்குநரகம் 2022 இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கின்றது. 18 கூடை சுற்றி வர ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் ஆகும். மேடு பள்ளம், வேர், கல் எல்லாம் ஏறி இறங்க வேண்டும். முறைக்காகக் காத்து நிற்கும் நேரத்தைக் கழித்தாலும் (கதைத்துக்கொண்டு நிற்கும் நேரத்தை உடற்பயிற்சியில் சேர்க்க வேண்டாம்) வாரம் இருமுறை போகிறவர் அந்தப் பரிந்துரையின் பெரும் பகுதியை முடித்துவிடுகிறார். ஜிம்முக்குக் காசு கட்டிவிட்டுப் போகாமல் இருப்பவர்களை நாம் நிறையப் பார்க்கிறோம். காட்டுக்குள் தட்டைத் தேடி நடப்பவருக்கு, தான் உடற்பயிற்சி செய்கிறேன் என்ற எண்ணமே வருவதில்லை. அதுதான் இதன் சிறப்பு.

எம்மிடம் வரும் ஒருவர், அடையாளம் சொல்லத் தேவையில்லை, சீனி வருத்தம் என்று தெரிந்த பின் நடக்கத் தொடங்கினார். தனியே நடப்பது அலுப்பாக இருக்க, மகனோடு பிறிஸ்பி கோல்ஃபுக்குப் போனார். ஐந்து கிழமை. பிறகு நின்றுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "ஒவ்வொரு முறையும் பெடியன் போனைக் காட்டுறான் டொக்டர், கூட்டல் முப்பத்தொன்று, கூட்டல் இருபத்தொன்பது, கூட்டல் முப்பத்திரண்டு. முன்னேற்றமே இல்லை" என்றார். அந்த ஐந்து கிழமைக்குள் அவருடைய இரத்த அழுத்தம் குறைந்திருந்தது. அதை அவர் ஒரு புள்ளியாகவே கணக்கெடுக்கவில்லை.

அவருக்கு நாம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறோம். நீரிழிவுள்ளவர்கள் நீண்டகாலச் சீனி அளவை அறிவார்கள். 2018 முதல் நோர்வேயில் அது வேறு அலகில் தரப்படுகின்றது. 48 இலிருந்து நீரிழிவு. பலருக்குச் சிகிச்சையின் இலக்கு 53 அளவில். 78 இல் வந்த ஒருவர் ஆறு மாதத்தில் 64 க்கு வந்தால், "இன்னும் 53 வரவில்லையே" என்று நாம் முகம் சுழிப்பதில்லை. கண்ணையும் சிறுநீரகத்தையும் அவர் காப்பாற்றிக்கொண்டு வருகிறார் என்று அறிந்து பாராட்டுகிறோம். அதேபோல, காலையில் விரலில் குத்திப் பார்த்த ஒரே அளவை வைத்து மருந்தை மாற்றுவதும் அரிது. இரண்டு மூன்று மாதச் சராசரியைத்தான் பார்ப்போம். விளையாட்டுப் புள்ளிக்கும் இதே அறிவு போதும். காற்று, ஈரம், நித்திரைக் குறைவு, ஒரு தட்டு குளத்துக்குள் போனது, இவை எல்லாம் ஒரு நாள் ஆட்டத்தில் நாலைந்து எறிதலை இலகுவாகக் கூட்டிவிடும். முப்பத்தொன்றும் இருபத்தொன்பதும் முப்பத்திரண்டும் உண்மையில் ஒரே எண்தான். ஒரே பாதையில், ஒரே இடத்திலிருந்து எறிந்து, முதல் ஐந்து ஆட்டத்தின் சராசரியை அடுத்த ஐந்தின் சராசரியோடு ஒப்பிடுங்கள். ஐந்து கிழமையில் தீர்ப்பு எழுத வேண்டாம்.

புள்ளியே எண்ண வேண்டாம், சும்மா எறிந்துவிட்டு வாருங்கள் என்று சொல்லும் நண்பர்களும் எமக்கு உண்டு. அதில் எமக்கு உடன்பாடில்லை. எண்ணாத விளையாட்டு எம்மவர்களுக்கு இரண்டாவது வாரமே அலுத்துவிடும். கரம் போர்ட்டில்கூடப் புள்ளி எழுதாமல் யாரும் இருந்ததில்லை. எண்ணுங்கள். ஆனால் உங்களுக்குப் பயன் தரும் ஒன்றையும் சேர்த்து எண்ணுங்கள். கூடையிலிருந்து பத்து மீற்றருக்குள் வந்த பின் எத்தனை எறிதல் எடுத்தீர்கள் என்று தனியாக ஒரு கணக்கு வையுங்கள். தூர எறிவதற்குத் தோளும் இடுப்பும் பல மாதம் பழக வேண்டும். பக்கத்திலிருந்து கூடைக்குள் போடுவதோ, ஐந்து மீற்றரில் நின்று மாலையில் இருபது தரம் எறிந்து பழகினால் கோடை முடிவதற்குள் கைவரும். எழுபது வயது அம்மாவும் பேரனுக்குச் சமமாக நிற்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

இன்னொரு காரணமும் உண்டு, அது கடையில் தொடங்குகின்றது. தட்டின் மேல் நாலு எண்கள் இருக்கும். முதலாவது வேகம். 12, 13 என்று எழுதிய தட்டுத்தான் தூரம் போகும் என்று எண்ணி எம்மவர்கள் அதையே வாங்குகிறார்கள். வேகமாக எறியக்கூடியவர்களுக்கே அது பறக்கும். மெதுவாக எறிந்தால், வலக்கைக்காரருக்கு வழமையான எறிதலில் உடனே இடப்பக்கம் சாய்ந்து புதருக்குள் போய்விடும். தொடங்குகிறவருக்கு வேகம் 2 முதல் 5 வரையான இரண்டு தட்டு போதும். கூட்டல் முப்பதில் ஒரு பங்கு தட்டின் பிழை, ஆளின் பிழை அல்ல.

பிள்ளைகள் விடயத்தில் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். தமிழ்ப் பாடசாலைத் தேர்வு, நடன அரங்கேற்றம், கணிதம் என்று எல்லாவற்றிலும் "எத்தனை எடுத்தாய், மற்றவ எத்தனை?" என்று கேட்டுப் பழகிய வாய் எமது. இந்த ஒரு விளையாட்டிலாவது வீட்டுக்கு வந்ததும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுப் பாருங்கள். "எந்தக் கூடை இன்றைக்கு நல்லா வந்தது?" என்று கேட்டால் பிள்ளை பத்து நிமிடம் கதைக்கும்.

சங்கத்தின் அடுத்த கோடை விளையாட்டுப் போட்டியில் பிறிஸ்பி கோல்ஃபையும் சேர்க்கும் யோசனை இருப்பதாக அறிகிறோம். வரவேற்கிறோம். ஆனால் முதல் மூன்று இடத்துக்கும் கிண்ணம் கொடுத்து, மீதிப் பேரின் புள்ளியைச் சுவரில் ஒட்டுவது என்றால், அடுத்த ஆண்டு அந்த மூன்று பேரும் மட்டுமே வருவார்கள். ஒரே பாதையில் மே மாதம் ஒரு ஆட்டம், ஓகஸ்ட் மாதம் ஒரு ஆட்டம் வைத்து, கூடுதலாக எறிதல் குறைத்தவருக்குக் கிண்ணம் கொடுக்கலாம். இரண்டு பேர் சேர்ந்து ஆடும் முறையும் உண்டு. இருவரும் எறிந்து, நல்ல இடத்தில் விழுந்த தட்டிலிருந்து அடுத்த எறிதல். அம்மாவும் மகளும், மாமாவும் மருமகனும் என்று சோடி சேர்த்தால் பார்க்கவே கலகலப்பாக இருக்கும். மே மாதத்தில் வேண்டுமென்றே புதருக்குள் எறிந்துவிட்டு ஓகஸ்டில் கிண்ணம் வாங்கக்கூடிய கெட்டிக்காரர்கள் எம்மிடையே இருக்கிறார்கள் என்பதையும் அறிவோம். நடுவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசியாகச் சில மருத்துவக் குறிப்புகள். இன்சுலின் அல்லது சீனியை வேகமாகக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் குளுக்கோஸ் வில்லைகளோ பழச்சாறோ பையில் வைத்திருங்கள். இரண்டு மணி நேர நடையில் சீனி இறங்கலாம். நீரிழிவுள்ளவர்களுக்குத் தோள் மூட்டு இறுகிப்போவது மற்றவர்களைவிடக் கூடுதல். கை உயர்த்தவே நோகிறது என்றால் எறிவதை நிறுத்தி, குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம் தோளையும் இடுப்பையும் அசைத்துச் சூடாக்குங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ வழமைக்கு மாறான மூச்சு வாங்கலோ வந்து, ஓய்வெடுத்தும் தணியாவிட்டால் 113 ஐ அழைக்க வேண்டும். தணிந்துவிட்டாலும், அடுத்த ஆட்டத்துக்கு முன் வைத்தியரைப் பாருங்கள். புல்லுக்குள்ளும் புதருக்குள்ளும் தட்டுத் தேடியவர்கள் வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்புறம், இடுக்கு, பிள்ளைகளின் தலைமயிர் ஓரம் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள்; எண்ணெய் பூச வேண்டாம். கடித்த இடத்தில் சில நாட்களோ வாரங்களோ கழித்து, சிவப்பு வட்டம் ஒன்று பரவி ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் வந்தால் வைத்தியரிடம் போங்கள். பனிக்காலத்திலும் ஆடுபவர்கள் சப்பாத்துக்கு அடியில் பனிமுள் மாட்டாமல் காட்டுப் பாதையில் இறங்க வேண்டாம்.